கப்டனுக்கு வந்த இரண்டு கடிதங்கள்

காரை எடுக்கமுன் அதை ஒருமுறை சுற்றி நடந்து, நான்கு டயரையும் உதைத்து, பெற்றோல் மூடியைத் திறந்து மூடிப் பார்க்கிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கனடாவில், மோர்னிங்சைட்டில், எங்கள் அப்பார்ட்மெண்டில் பக்கத்து வீட்டில் இருந்தார். கனடா விமானப்படையில் பதினைந்து வருடம் பறந்தவர். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. யாருக்கும் அது தேவைப்படவில்லை. எல்லோருக்கும் அவர் கப்டன்.

காலையில் என்னை ரயில் ஸ்ரேஷனில் இறக்கிவிடுவார்.

"பெல்ட்?"

"போட்டாச்சு அண்ணை."

"கதவு?"

"பூட்டியாச்சு."

"ரெடியோ?"

தலையாட்டினால் கார் நகராது. வாயால் சொல்ல வேண்டும். ஒருநாள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடதாசியில் எழுதிக் காட்டினேன். அதை இரண்டு தரம் வாசித்த பிறகுதான் கியரைப் போட்டார்.

நாற்பத்தொரு வயதில் முழுநேரப் படைவேலையை விட்டுவிட்டு வந்தார். ஒரே கிழமையில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, பெரிய ஏர்லைன் ஒன்றில் விமானி வேலை. மற்றது, படையின் ரிசர்வில் பகுதிநேர வேலை, மாதம் பன்னிரண்டு நாள். ஏரிகளிலும் காடுகளிலும் காணாமற்போனவர்களைத் தேடும் விமானத்தை ஓட்டுவது.

"ரெண்டையும் செய்யலாம்தானே அண்ணை?"

"கனபேர் செய்யினம் தங்கச்சி. ஆனா ஏர்லைனில புதுசாச் சேர்ந்தவனுக்கு எப்ப லீவு எண்டே தெரியாது. ரிசர்வ்காரர் கூப்பிடேக்க நான் லண்டனில நிப்பன்."

"அப்ப ஏர்லைனில பிறகு சேருங்கோ."

"அங்க ஆர் முந்திச் சேர்ந்தது எண்டதுதான் எல்லாம். இப்ப பிந்தினா பென்சன் எடுக்குமட்டும் பிந்தினதுதான்."

அன்றிலிருந்து கண்ட எல்லோரிடமும் கருத்துக் கேட்டார். லோண்டரி ரூமில் கேட்டார். பல் வைத்தியரிடம் வாயைத் திறந்தபடியே கேட்டார். லிஃப்ட் திருத்த வந்தவரிடமும் கேட்டார். அவர் இருபது நிமிடம் ஆழமாக யோசித்தார். அவ்வளவு நேரமும் லிஃப்டுக்குள் இரண்டு பேர் அடைபட்டு இருந்தார்கள். எல்லோரும் ஏர்லைன் என்றே சொன்னார்கள். டிக்கெட் மலிவாகக் கிடைக்குமாம். கோயில் ஃபாதர் மட்டும், ரோமுக்கு நேரே போகுமா என்று விசாரித்தார்.

கேட்காமல் விட்டது ஒரேயொருவரை. அவருடைய அம்மா திரேசா அன்ரியை. யாழ்ப்பாணத்தில் குண்டு போட வந்த விமானங்களுக்குப் பயந்து பங்கருக்குள் கிடந்தவர். அதனால் கப்டன் அவரிடம் 'அரசாங்க வேலை' என்று மட்டும் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வருகிறபோதெல்லாம் வழியில் ஒரு பெற்றோல் ஸ்ரேஷன் கழிவறையில் யூனிபோமைக் கழற்றி, கார் டிக்கிக்குள் ஒளித்துவிட்டுத்தான் வருவார். பதினைந்து வருடமாக.

பதில் எழுதவேண்டிய கடைசி நாள், அன்ரியின் பாத்திரம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். கப்டன் குசினி மேசையில் இரண்டு கடிதங்களோடும் இருந்தார். அன்ரி மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார்.

"உன்ர உடுப்பில ஒரு பொத்தான் கழண்டு கிடந்தது. தைச்சு வைச்சிருக்கிறன்."

"எந்த உடுப்பு அம்மா?"

"காருக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறது."

கப்டனின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தோன்றியது.

"பயமில்லையோ அம்மா?" என்று கேட்டார்.

"பயம்தான். பிளேன் சத்தம் கேட்டா எனக்கு இப்பவும் கண் கட்டிலுக்குக் கீழ போகும். நாங்கள் ஒளிக்க ஓடின ஆக்கள். காணாமற்போனவையைத் தேடுற உன்ர பிளேனைக் கண்டா சனம் வெளியால வந்து கை காட்டுமாம். லோண்டரி ரூமில கதைச்சினம். உண்மையோ?"

"ஓம் அம்மா."

"அப்ப என்னத்துக்கு ஊரெல்லாம் கேட்டுத் திரியிறாய்?"

கப்டன் பாத்திரம் துடைக்கும் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஏர்லைனுக்கு, மன்னிக்கவும், வரவில்லை என்று எழுதினார்.

ஒரு வருடம் போனபின், சந்தோசமா என்று கேட்டேன். "சம்பளம் வாற அண்டைக்கு இல்லை. மற்ற நாளெல்லாம் ஓம்," என்றார்.

பிறகு விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு எடுத்து, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் எடுப்பார். என்ன விசேஷம் அண்ணை என்றால், ஒண்டுமில்லை, சும்மாதான் என்பார். அந்தச் சும்மாவுக்காக ஞாயிறு மத்தியானங்களில் நான் எங்கும் போவதில்லை.