அண்டா என்று கேட்டால் கிடைக்காது

அருப்புக்கோட்டை வட்டாரத்தில் வீட்டில் ஒரு கல்யாணம் நடத்தியவர்களில், கடாரம் அண்ணாச்சியிடம் திட்டு வாங்காத ஆளே கிடையாது. பாளையம்பட்டியில் பாத்திரங்களை வாடகைக்கு விடும் கடை அவருடையது. கடை நடுவில் ஒரு செம்புப் பாத்திரம் இருக்கும். உள்ளே ஓர் ஆள் உட்கார்ந்து குளிக்கலாம்.

“அண்ணாச்சி, அந்தப் பெரிய அண்டா வேணும்.”

“அண்டா அந்தா மூலைல கெடக்கு. இது கடாரம். எங்க, சொல்லுங்க பாப்போம்.”

சொன்னால்தான் வாடகைக்குக் கிடைக்கும். மீசை வைத்த சம்பந்திகள் எல்லாம் வரிசையில் நின்று சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம் பூர்வீகம் ஆரம்பிக்கும். கடாரம் என்றால் கொதிக்க வைக்கிற பெரிய கொப்பரை. கடலுக்கு அப்பால் கடாரம் என்று ஓர் ஊர் உண்டு. அங்கிருந்து கப்பலில் வந்ததால்தான் இந்தப் பேர் என்பது அவர் கட்சி. ஒரு கல்லூரி வாத்தியார், “பாத்திரத்தோட பேருதான் ஊருக்குப் போயிருக்கும் அண்ணாச்சி” என்றார்.

“அப்பக் கப்பல் இங்கருந்து போயிருக்கும். எப்பிடியும் கப்பல் உண்டுல்ல?”

கண்மாயில் கால் நனைக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் அவர் கப்பலை மட்டும் விட்டுக்கொடுக்கவே இல்லை.

எல்லாரும் பாத்திரத்தில் தங்கள் பேரை வெட்டுவார்கள். இவர் பாத்திரத்தின் பேரை வெட்டி வைத்தார். ‘கடாரம்’, அவ்வளவுதான். எம்.ரெட்டியபட்டிக் கல்யாணம் ஒன்றில் வேறு கடை லோடில் மாறி ஏறி அது காணாமல் போனது. எங்கே கிடந்தாலும் யாருடையது என்று தெரிய வழியில்லை.

அதன்பிறகு அண்ணாச்சி யாரையும் திருத்தவில்லை. எதை அண்டா என்றாலும் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். எனக்குப் பார்க்கவே பாவமாக இருந்தது.

சில மாதங்கள் கழித்து மல்லாங்கிணற்றில் ஒரு கல்யாண வீடு. சமையல்காரர், “அந்த அண்டாவ எறக்குங்கப்பா” என்றாராம். காய் நறுக்கிக்கொண்டிருந்த ரெட்டியபட்டி அம்மா ஒருவர், பழக்க தோஷத்தில், “அண்டா இல்லண்ணே, கடாரம்” என்றிருக்கிறார். சொன்ன வேகத்தில் அரிவாள்மனையை விட்டு எழுந்துவிட்டார்.

“ஐயையோ, இது பாளையம்பட்டி அண்ணாச்சியோடதுல்ல! அவுகளத் தவிர யாரு இதுக்கு இந்தப் பேரு சொல்றா?”

பந்தி முடிந்ததும் கடாரம் லோடு ஆட்டோவில் வந்து இறங்கியது.

“இனியாவது உங்க பேர வெட்டுங்க அண்ணாச்சி” என்றேன்.

“எதுக்கு? அதான் தன் பேரச் சொல்லியே வீடு வந்து சேந்துருச்சே.”

போன மாதம் என் மகள் கல்யாணம். கடைக்குப் போய், “அந்தப் பெரிய அண்டா...” என்று வேண்டுமென்றே ஆரம்பித்தேன். திட்டினார் பாருங்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.