ஜெர்மன் மேஸ்திரி அறுத்த பானை

ஆம்பூரில் எதையும் வெட்டிப் பார்க்காமல் நம்பாத மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவர் ஜெர்மன் மேஸ்திரி. பெற்றோர் வைத்த பெயர் ஊரில் யாருக்கும் தெரிந்ததாக என் குறிப்புகளில் இல்லை.

டேனரியில் தோலைத் தரம் பிரிப்பது அவர் வேலை. ஓரத்தில் கத்தியால் கீறி, தோலைப் பதமாக்கும் பட்டைச்சாறு உள்வரை ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே வாயைத் திறப்பார். அந்தப் பழக்கம் டேனரி வாசலோடு நிற்கவில்லை. மைத்துனரின் கல்யாண ஊர்வலத்தன்று மாப்பிள்ளை பூட்ஸை ஓரத்தில் கீறி, "உள்ள பச்சையா இருக்குது" என்றார். மாப்பிள்ளை வெறுங்காலோடு ஊர்வலம் போனார்.

யுத்தத்துக்கு முன் யந்திரம் பூட்ட வந்த ஜெர்மன்காரர் ஒருவருக்கு உதவியாக நின்றதில் மேஸ்திரிக்கு அந்த பாஷை வந்திருந்தது.

ஐம்பதுகளின் நடுவில், ஒரு தை மாதம், டேனரியில் தோல் ஊறப்போடப் புதுக் குழி தோண்டும்போது முழுசாக ஒரு பழம்பானை கிடைத்தது. ஊர்ச் சரித்திரத்தைத் தேதிவாரியாக எழுதிவந்த நான் அதைக் கேட்டு வாங்கி, சென்னையில் ஒரு மியூசியம் அதிகாரிக்கு எழுதினேன். பதிலோடு ஜெர்மன் அகழாய்வு அறிக்கையின் பக்கம் ஒன்றும் வந்தது. பானைப் படம், பாகம் பாகமாகப் பெயர்கள். அவற்றைத் தமிழாக்கி, அந்தச் சொற்களால் நம் பானையை வர்ணித்து வையுங்கள், வெள்ளிக்கிழமை வருகிறேன், சரியாக இருந்தால் பானை மியூசியத்துக்கு, கட்டுரை உங்கள் பெயரில் அச்சுக்கு என்று எழுதியிருந்தார். அதுவரை என் பெயர் அச்சேறியது என் கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான்.

அந்தப் பக்கத்தை மேஸ்திரியிடம் காட்டினேன். படபடவென்று சொன்னார். "ராண்டுன்னா விளிம்பு. ஹால்ஸ் கழுத்து, ஷுல்டர் தோள், பௌஹ் வயிறு. ஆட்டுத்தோலுக்கும் இதே பேருதான் சார். இன்னா பெரிய வித்தை."

'உம்ப்ருஹ்' என்ற சொல்லில் நின்றுவிட்டார். வயிற்றின் நடுவே சுவர் சட்டென்று திரும்பும் இடம் அது. "திசைமாற்றக் கோடு" என்றேன் நான். இரண்டாம் தரத் தோலைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"பானைய ஒரு நாள் குடுங்க சார்."

செவ்வாய்க்கிழமை கொடுத்தேன். புதன்கிழமை போனபோது பானை அவர் வீட்டு முற்றத்தில் இருந்தது, இரண்டாக. வாயிலிருந்து அடிவரை நேர்கோடாக அறுத்திருந்தார். பக்கத்தில் ஆக்ஸா பிளேடு.

இரண்டு பாதிகளையும் கையில் எடுத்தேன். "இன்னா மேஸ்திரி பண்ணீங்க?"

"படத்தப் பாருங்க சார். பாதி வெட்டித்தானே போட்டிருக்கான்? வெட்டிட்டுத்தான் பேர் வெச்சிருக்கான்."

"அது வரையற முறைங்க. அவன் பானைய வெட்டல."

"வெட்டாம உள்ள எப்டித் தெரியும்?"

சமையலறையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "படத்த அவரு பாத்தப்பவே என் குழம்புச்சட்டிய ஒளிச்சி வெச்சிட்டேண்ணா. உங்களுக்குத் தெரிய வேணாமா?"

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். என் வீட்டில் பானை இருந்த பெட்டியைத் திறந்தவர், முக்காலியில் உட்கார்ந்தார். "யாரு செஞ்சது?"

கைதவறி விழுந்தது என்று நான் சொல்வதற்குள் மேஸ்திரி முந்திக்கொண்டார். "நாந்தான் சார். இங்க விரல வெச்சிப் பாருங்க. மேல தனியா, கீழ தனியா செஞ்சி, இந்த எடத்துல சேத்து அமுக்கியிருக்கான். வெளிய தெரியாது. இது கோடு இல்ல சார், இடுப்பு."

உட்புறத்தில் வரிசையாக விரல் பதிவுகள். யாரோ ஒரு குயவருடையவை. அதிகாரி தன் விரல்களை ஒவ்வொன்றாக அவற்றில் வைத்துப் பார்த்தார். பொருந்தின. பிறகு நான் வர்ணித்து எழுதிவைத்திருந்த தாளில் 'திசைமாற்றக் கோடு' என்பதை அடித்து, 'இடுப்பு' என்று எழுதி, தாளைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அறுத்த பானைய நாங்க எடுக்க முடியாது. பானை இல்லாம கட்டுரையும் போட முடியாது" என்று சொல்லிவிட்டுச் சாயங்கால ரயிலைப் பிடித்தார்.

இரண்டு பாதிகளையும் மேஸ்திரி கையிலேயே கொடுத்து அனுப்பினேன். ஆடி வரை அவரோடு நான் பேசவில்லை. அவர் தினமும் வாசலில் நின்று, "இன்னும் பேஜாரா சார்?" என்று கேட்டுவிட்டுப் போவார். ஒருநாள் அரைப்பானையைக் கொண்டுவந்து வைத்தார். "ஆளுக்குப் பாதி." சிரித்துத் தொலைத்தேன்.

அவர் காலமான பிறகு மறுபாதியை அவர் மனைவி கொண்டுவந்து கொடுத்தார். இரண்டும் என் அலமாரியில் சேர்ந்து நிற்கின்றன. பசை வாங்கி வருஷங்கள் ஆகின்றன. இன்னும் ஒட்டவில்லை. ஒட்டினால், பசை உள்வரை பிடித்திருக்கிறதா என்று வெட்டிப் பார்க்க அவர் வரவேண்டும்.