வாசற்படிப் பாஸ்டர்

பிரசங்கத்தின் நடுவில் பூட்ஸை மாட்டிக்கொண்டு தெருவுக்கு இறங்கி, மனதில் பட்டதைக் கொட்டிவிட்டு, திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து பிரசங்கத்தைத் தொடரக்கூடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். கனடாவில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், ஒரு மளிகைக் கடைக்குப் பக்கத்தில் கூடும் எங்கள் சபையின் மட்டக்களப்புப் பாஸ்டர். ஊர் அவருக்கு வைத்த பெயர் வாசற்படிப் பாஸ்டர்.

எல்லாம் எங்கள் பொருளாளர் அக்கா செய்த வேலை. “பாஸ்டர், சபை தர்ம ஸ்தாபனமாப் பதிஞ்சிருக்கு. இன்னாருக்கு வோட்டுப் போடுங்கோ எண்டு மேடையில சொன்னா பதிவு போயிடும். பேந்து காணிக்கைக்கு வரி ரசீது குடுக்கேலாது” என்றார்.

“அப்ப வெளியில?”

“வெளியில உங்கட சொந்தக் கருத்தைச் சொல்லலாம்.”

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். அரசியல் தொண்டைவரை வந்தால், “இந்தா வாறன்” என்று கிளம்பிவிடுவார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கைகள் பறக்கும். மெட்ரோவுக்குப் போகும் அப்பாவிகள் நின்று கேட்பார்கள். ஒரு ஜனவரியில், செங்கடல் பிளந்து இஸ்ரவேலர் பாதி வழி வந்திருக்கையில் அவருக்கு யாரோ மந்திரியின் ஞாபகம் வந்துவிட்டது. மூக்குச் சிவக்கத் திரும்பி வரும்வரை இஸ்ரவேலர் கடலுக்குள்ளேயே நின்றார்கள்.

பிறகு அவருடைய ஒரே மகள் நகரசபைத் தேர்தலில் நின்றாள். அக்காவுக்கு நித்திரை போய்விட்டது.

“கையெடுத்துக் கும்பிடுறன், பாஸ்டர். மகளுக்காக நீங்க வாசலில நிண்டு கதைச்சாலும் சபை கதைச்சதெண்டுதான் சொல்லுவினம். இந்த முறை வாசலும் வேண்டாம்.”

“என்ட பிள்ளை, அக்கா.”

“ஓம். அதுதான் பயமாக் கிடக்கு.”

தேர்தலுக்கு முந்திய ஞாயிறு, வேட்பாளர் எல்லாருக்காகவும் பெயர் சொல்லிச் செபிப்பது எங்கள் வழக்கம். மகள் பின்வரிசையில் இருந்தாள். பாஸ்டர் எதிர்த்து நின்றவர்களுக்காக உருகி மன்றாடினார். ஒருவருடைய முழங்கால் வலியைக்கூட விடவில்லை. கடைசியாக மகளின் முறை வந்தது. கதவைப் பார்த்தார். அக்காவின் கை மைக் சுவிட்சில் இருந்தது.

“இன்னொரு பிள்ளையும் நிக்குது, ஆண்டவரே. அதைப் பத்தி நான் இங்க கதைக்கேலா. உமக்குத் தெரியும்.”

முதலில் ஆமென் சொன்னது பொருளாளர் அக்காதான், அதுவும் அழுதுகொண்டு. மகள் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கோ மேடையேறி அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல் இருந்தது.