செப்பனிடப்பட்ட சப்பாத்து

வாசகர்களே, மனித குலத்தில் செப்பனிடுவோர் என்றோர் இனம் உண்டு. கெட்டுப்போன பொருளைப் பழுதுபார்ப்பவரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர் உபயோகமான மனிதர். செப்பனிடுவோருக்குக் கெட்ட பொருளில் நாட்டமே கிடையாது. ஒழுங்காக மூடித் திறக்கும் கதவு, ஆடாமல் நிற்கும் மேசை, பிறர் வீட்டுக் கல்யாணப் பந்தலில் கட்டி முடித்துவிட்ட தோரணம் ஆகியவற்றைக் கண்டால்தான் அவர்கள் கை துறுதுறுக்கும். ஒரு கண்ணைச் சுருக்குவார்கள், தலையைச் சற்றே சாய்ப்பார்கள், "நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்று தொடங்குவார்கள். அந்த ‘ஆனா’ காதில் விழுந்ததும் பொருளுக்கு உரியவர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவது நலம்.

இந்த இனத்தை நான் எங்கே ஆராய்ந்தேன் என்று கேட்கிறீர்களா? முகச்சவரம் செய்துகொள்ளும்போது, கண்ணாடியில்.

கோலா கங்சாருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தின் தமிழ்ப்பள்ளியில் முப்பத்தோராண்டுகள் ஆசிரியராக இருந்தேன். செப்பனிடுவோர் அனைவரையும் போல நானும் ஒரு குறிப்பேடு வைத்திருந்தேன். அதில் ‘குறை’, ‘காரணம்’, ‘தீர்வு’ என மூன்று பத்திகள் கோடிடப்பட்டிருந்தன. நான்காவதாக ‘யாரேனும் கேட்டார்களா?’ என்றொரு பத்தி இருந்திருக்குமானால், குறிப்பேடு பெரும்பாலும் வெறுமையாகவே இருந்திருக்கும்.

எழுபத்தெட்டாம் ஆண்டில் அந்தக் குறிப்பேட்டில் பத்துமலையின் சப்பாத்து, அதாவது ஓட்டக் காலணி, ஏறியது. பத்துமலை எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டுபவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவர். இரு பிள்ளைகளுக்குத் தகப்பன். நெடுந்தூர ஓட்டத்தில் சுற்றுவட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஈப்போவில் நடக்கவிருந்த பத்துக் கிலோமீட்டர்ப் பந்தயத்தில் முதல் மூவருள் வந்தால் மாநிலக் குழுவில் இடம் கிடைக்கும். அந்த இடத்தோடு ஓர் அரசாங்க இலாகாவில் வேலையும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவருடைய மனைவி வீரம்மா ஈப்போவில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் விசாரிக்கத் தொடங்கியிருந்தார்.

பத்துமலையிடம் இருந்தது ஒரே ஜோடி வெள்ளைக் கித்தான் சப்பாத்து. அதைப் பற்றி அவர் குறை கூறியதே இல்லை. ஒரு நாள் மட்டும், குதிகால் பக்கம் தேய்ந்துவிட்டதால் கல் குத்துகிறது என்று போகிற போக்கில் சொன்னார். போதாதா? நான் ஒரு கண்ணைச் சுருக்கினேன்.

ஓடுகிறவனின் பாதம் தரையில் மோதும் விசையைச் சப்பாத்தின் அடிப்பகுதி தாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு மென்மை தேவை. ஆனால் மென்மையானது தேயும். தேயாமலிருக்கக் கடினம் தேவை. ஆகவே இரண்டு அடுக்கு! மேலடுக்குக்கு ரப்பர் பாலை நுரைக்க அடித்து உறையவைத்த மெத்தை. கீழடுக்குக்குப் புகையூட்டிக் காயவைத்த ரப்பர் தகடு. உருளையில் பதிந்த அதன் வரிகளே சாலையில் வழுக்காத பிடிப்பைத் தரும். உலகத்துக்கே ரப்பர் அனுப்புகிற தோட்டத்தில் இருந்துகொண்டு, ஒரு ரப்பர் அடிக்காக வெளியே போவதா? என் மனைவி மங்களத்தின் முட்டை அடிக்கும் கருவியால் மூன்று நாள் பாலை அடித்தேன். இனி அதில் முட்டை அடிக்க இயலாது என்று மங்களத்துக்குத் தெரிந்தது. அன்று முதல் எங்கள் வீட்டில் முட்டை சமைக்கப்படவில்லை, அவ்வளவே.

பிறகு பழைய அடிகளை அறுத்தெறிந்துவிட்டு, என் அடுக்குகளை ஒட்டித் தைத்தேன்.

பால் வெட்டப் போகுமுன், விடியற்காலை ஐந்து மணிக்கு, மரநிழல் பாதைகளில் அவரை ஓடவிட்டுச் சோதித்தேன். பன்னிரண்டு விடியல்கள், பன்னிரண்டு அளவீடுகள், தேய்மானம் ஏறத்தாழச் சூன்யம். "மெத்தை மேல போற மாதிரி இருக்கு சார்" என்றார் பத்துமலை. ‘தீர்வு’ப் பத்தியில் சிவப்பு மையால் கோடிட்டேன்.

பந்தயம் பிற்பகல் மூன்று மணிக்கு. இது எனக்குத் தெரியாதா? தெரியும். அறிவிப்புத் தாளில் இருந்த ஓர் எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தி அனுப்பியிருந்தேன்.

ஏழாவது கிலோமீட்டரில் குறிப்பேட்டுடன் நின்றேன். வெயில் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருந்தது. பத்துமலை இரண்டாவதாக வந்துகொண்டிருந்தார். ஆனால் அவருடைய ஓட்டம் விநோதமாக இருந்தது. சப்பாத்தின் அடியில் முதலில் மணல் ஒட்டியிருந்தது. மணல்மேல் ஓர் இலை. இலைமேல் ஒரு பஸ் டிக்கெட். ஒவ்வோர் அடியிலும் ரப்பர் நூல்நூலாக நீண்டது. சாலை ஒரு பக்கம் இழுக்க, பத்துமலை மறுபக்கம் இழுத்தார். என்னருகே வந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"சார், ரோடு விடமாட்டேங்குதுலா."

சப்பாத்தைப் பிய்த்தெறிந்துவிட்டு, கொதிக்கும் தாரில் வெறுங்காலோடு ஓடினார். அதற்குள் இருவர் அவரைக் கடந்துவிட்டிருந்தார்கள். முடிவில் நான்காவது இடம்.

பக்கத்துச் சைக்கிள் கடைச் சீனர் அந்தச் சப்பாத்தை எடுத்து, அடியைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "பெலும் மாசாக்" என்றார். இன்னும் வேகவில்லையாம். பச்சை ரப்பர் வெயிலில் இளகும் என்றும், கந்தகம் கலந்து வேகவைத்தால்தான் அது டயராகும், சப்பாத்தாகும் என்றும் விளக்கினார். மூன்று தலைமுறையாக ரப்பர் விளையும் மண்ணில் வாழ்கிறோம். கப்பலேறிய பின் அதை என்ன செய்கிறார்கள் என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. பாடம் நடத்திய நானாவது கேட்டிருக்கலாம்.

பத்துமலையின் பாதத்துக் கொப்புளங்களுக்கு மருந்திட்டுக்கொண்டிருந்த வீரம்மாவிடம் போய், குறை வெயிலில்தான் என்று தொடங்கினேன். அவர் தலை நிமிரவில்லை.

"வெயில்ல குறை இல்ல சார். சப்பாத்துலயும் குறை இல்ல. நீங்க பார்க்கற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

முப்பத்தோராண்டுகளில் இத்தனை பிழையற்ற விடையை எந்த மாணவரும் எனக்கு எழுதியதில்லை.

ஈப்போவில் புதுச் சப்பாத்து வாங்கி, பெட்டியைப் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்துமலை இன்னும் ஓராண்டு பால் வெட்டினார். மறு ஆண்டுப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார், வேலையும் கிடைத்தது, குடும்பம் ஈப்போவுக்குக் குடிபெயர்ந்தது. அந்த ஓராண்டு முழுவதும் சப்பாத்து என் கண்ணில் படவேயில்லை. நான் அவர்கள் வீட்டுப் பக்கம் வருவது தெரிந்தால், வீரம்மா அதை அரிசிப் பானைக்குள் வைத்து மூடிவிடுவாராம்.

வாசகர்களே, சாலை சப்பாத்தை இழுத்துக்கொண்டிருந்த இடத்தைப் படித்தபோது, "அடியில் ஒரு பட்டை பழைய சைக்கிள் டயரை வைத்துத் தைத்திருந்தால் போதுமே" என்று உங்களுக்குத் தோன்றிற்றா? தோன்றியிருந்தால் வருந்துகிறேன், நீங்களும் எங்கள் இனமே. வீட்டுக்குப் போனதும், ஒருவரும் பார்க்காதபோது, உங்கள் அரிசிப் பானையைத் திறந்து பாருங்கள்.