வால் குழாயில் துரு

குத்தூசி குழாய்க்குள் பிடிவரை இறங்கிவிட்டது.

பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர், கொட்டகையில் தன் கையால் கட்டிய குட்டி விமானத்தின் வால் பக்கம் குந்தியபடி ஊசியையே பார்த்தார். மேலே பெயிண்ட் பளபளவென்றிருந்தது. உள்ளே தண்ணீர் தேங்கி, இரும்பு முட்டை ஓடு கணக்காய் மெலிந்திருந்தது.

"மச்சான், வெட்டிட்டு வேற துண்டு வெச்சிரலாம்ல?"

வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் மனைவியின் தம்பி, குழாயைத் தட்டிக் காது கொடுத்தான். "ஒரு முழம்தான் மாமா. மதியத்துக்குள்ள முடிஞ்சிரும்."

மாதக் கடைசியில் விமானத்துக்குப் பறக்க அனுமதி தர சோதனை அதிகாரி வருகிறார். விமானம் ஓட்டும் தகுதிச் சான்றில் அடுத்த வருஷம் கையெழுத்துப் போட மாட்டேன் என்று கண் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இப்போது பறந்தால்தான் உண்டு.

மதியத்துக்குள் முடிந்தது. ஆனால் பற்றவைத்த சூட்டில் வால் கோணிக்கொண்டது. நிமிர்த்த இழுத்ததில் நடு இணைப்பு விரிசல் விட்டது. அதை வெட்டினால் உள்ளேயிருந்து துருப்பொடி பொலபொலவென்று கொட்டியது.

"இதுவும் போச்சா?"

"இதுவும்தான் மாமா. இதைத் தாங்குற குழாயும்."

சாயங்காலமானால் டிரைவர் அந்த எலும்புக்கூட்டுக்குள் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். கூரை மெல்லக் கரையும். மேகம் முழங்காலை உரசிக்கொண்டு போகும். கீழே அவர் ஓட்டிய பேருந்துப் பாதை, ஒரு நிறுத்தம்கூட இல்லாமல், நூலாக நெளியும். அப்படியொரு நிம்மதியை அவர் பேருந்தில் ஒருநாளும் கண்டதில்லை.

"இறங்கி வாங்க, டீ ஆறுது" என்பாள் மனைவி.

கண் திறந்தால், மச்சான் அடுத்த குழாயை வெட்டிக்கொண்டிருப்பான்.

கடைசியில் பழைய குழாய் ஒன்றுகூட மிஞ்சவில்லை. புதுக் குழாய்களுக்குள் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் ஊற்றிப் புரட்டி, துளைகளை அடைத்தார்கள்.

அதிகாரி வந்தார். தட்டினார், குத்தினார், தரையில் படுத்தும் பார்த்தார். "இவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததே இல்ல."

டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சரி, பதிவு நம்பர் தகடு எங்க?"

மச்சான் கொல்லைப்புறத்தைக் கைகாட்டினான். "பழைய குழாயிலயே இருக்கு சார். வீணாப் போகுதேன்னு, நல்ல துண்டா பாத்து, அக்காவுக்குத் துணி காயப்போட ஒரு ஸ்டாண்டு செஞ்சு குடுத்துட்டேன்."

மூவரும் கொல்லைப்புறம் போனார்கள். காற்றில் ஈரப் போர்வை உப்ப, ஸ்டாண்டின் ஒரு கால் தரையை விட்டு லேசாக எழும்பியது. டிரைவர் மெய்மறந்து பார்த்தார்.

அதிகாரி போர்வையை விலக்கித் தகட்டைப் படித்தார்.

"நம்பர் எதுல இருக்கோ, சட்டப்படி அதுதான் விமானம் ஐயா. கொட்டகையில நீங்க செஞ்சு வெச்சிருக்கிறது இதோட உதிரிபாகம்."