அவர் ஓடவிட்டுப்போன ஐஸ் மெஷின்

அன்புள்ள தம்பிக்கு, அண்ணி எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நீங்களாவது கடலில் நலமாக இருக்க வேண்டும். அண்ணன் போன செய்தி உங்கள் கம்பெனி ஆபீஸ் வழியாக வந்து சேர்ந்திருக்கும். நீங்கள் கரை இறங்கியதும் இந்தக் கடிதத்தைக் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். படித்த கையோடு புறப்பட்டு வாருங்கள். அழுவதற்கு இல்லை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அண்ணனுடைய ஐஸ் மெஷினை நிறுத்த வேண்டும்.

அன்றைக்கு அந்த மெஷின் இருக்கிற மீன்பிடி போட் துறையில்தான் கட்டிக் கிடந்தது. மெஷினை ஓடவிட்டு மத்தியானம் சாப்பிட வந்தார். எங்கே போனாலும் சுவிட்சில் அந்தப் போர்டை மாட்டிவிட்டுத்தானே வருவார், "கை வைக்காதே, நானே வந்து நிறுத்துவேன்" என்று கோணல் எழுத்தில். இரண்டு வாய் சாப்பிட்டுத் தண்ணீர் கேட்டார். நான் மொண்டு திரும்புவதற்குள் சுவரில் சாய்ந்துவிட்டார். எதையும் படிப்படியாகத்தான் நிறுத்தணும் என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷன், தான் மட்டும் படக்கென்று நின்றுவிட்டார்.

இன்றைக்கு ஆறாவது நாள், மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. முன்பு ஒருத்தன் பஸ்ஸுக்கு நேரமாச்சென்று மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஓடி, ஐஸ் உறைகிற உருளையில் அது அப்படியே இறுகி, மறுநாள் போட்டதும் சுரண்டுகிற பிளேடு உடைந்ததே, அதிலிருந்து அண்ணனைத் தவிர யாரும் அதன் பக்கம் போவதில்லை. ஐஸ் நிறைந்தால் தானாக நிறுத்துகிற கம்பி அறுந்து மூன்று மாதம் ஆகிறது, நான் இருக்கும்போது அது எதுக்கு என்று விட்டுவைத்திருந்தார். மீன் அறை நிறைந்து, நடை நிறைந்து, சமையல்காரர் படுக்கிற பலகையும் ஐஸுக்குள் போய்விட்டது. ஆட்கள் முறை வைத்து மண்வெட்டியால் கடலில் அள்ளிக் கொட்டுகிறார்கள். மூன்றாம் நாள் கேப்டன் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"அக்கா, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. மெஷின் இன்னும் ஓடுது."

"நிறுத்த வேண்டியதுதானே?"

"போர்டு தொங்குதே அக்கா."

"அதை எழுதினவரைத் தோள்ல தூக்கிட்டுப் போனவரே நீங்கதானே?"

"தூக்கினேன்க்கா. இருந்தாலும் அவர் சொல்லாம கை வச்சா, அப்புறம் திட்டுவாரு."

எனக்குச் சிரிப்பதா என்ன என்று தெரியவில்லை. நேற்று நானே போய்ப் பார்த்தேன். போர்டைத் தொட்டேன், கழற்ற முடியவில்லை தம்பி. அவர் கையால் போட்டது எல்லாம் நின்றுபோய், இது ஒன்றுதான் ஓடுகிறது. "இன்னும் ஒரு நாள் ஓடட்டும்" என்றேன். "ஒரு நாள்னா இன்னும் ரெண்டு டன் அக்கா" என்றார் கேப்டன். இன்ஜின்காரரோ, சத்தம் மாறிவிட்டது, எண்ணெய் இறங்கிவிட்டது, இனி தாங்காது என்கிறார். எட்டுப் பேர் குடும்பம் தொழிலுக்குப் போகாமல் காத்துக்கிடக்கிறது.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு, எனக்கு மெஷினைப் பற்றி என்ன தெரியும்? சோறு போடும்போதெல்லாம் அவர் சொன்னதுதான் தெரியும். முதலில் குளிரூட்டுகிற கேஸ் வால்வை மூடணும், கம்ப்ரசரை உடனே நிறுத்திடாதே, உள்ளே இருக்கிற கேஸை அது இழுத்து முடித்து மீட்டர் முள் கீழே வரட்டும், அப்புறம் அதை நிறுத்து, உருளையும் அதன் மேல் விழுகிற தண்ணீரும் ஓடட்டும், கடைசி ஐஸ் உதிர்ந்து உருளை வெறுமையானதும் இரண்டையும் நிறுத்து, குளிர்விக்கிற கடல்தண்ணீர் பம்பு இன்னும் பத்து நிமிடம் ஓடணும், பிறகு அதையும் நிறுத்தி, கடல் வால்வை மூடி, நல்ல தண்ணீரால் உப்புப் போகக் கழுவு. திரும்பப் போடுவதானால் முந்தின நாளே எண்ணெயைச் சூடு பண்ணு, முதலில் கடல் வால்வு, பம்பு, போட்டின் வெளிப்பக்கக் குழாயில் தண்ணீர் கொட்டுகிறதா என்று கண்ணால் பார், அப்புறம் உருளை, அதன் தண்ணீர், கம்ப்ரசர் கடைசியில், கேஸை மெல்லத் திற. இவ்வளவுதான் தெரியும். அதனால்தான் உங்களைக் கூப்பிடுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரிக்கு என் அன்பு. நீங்கள் ஓடவிட்டதை எல்லாம் நீங்களே வந்து நிறுத்துகிற ஆயுசு உங்களுக்குக் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
அண்ணி

பின்குறிப்பு: வர வேண்டாம். ஒட்டுவதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்த்தேன், எல்லாம் இதிலேயே இருந்தது. இந்தத் தாளை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனேன். கேப்டன் ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தார், நான் போர்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒவ்வொன்றாகச் செய்தேன். பம்பும் நின்றதும் யாரோ விசும்புகிற சத்தம். நான்தானோ என்று பார்த்தேன், கேப்டன். தாளில் எழுத்து கலைந்திருப்பது ஐஸ் தண்ணீர், வேறு நினைக்காதீர்கள். பழைய ஐஸ் பாறையாக இறுகிவிட்டது, உடைத்து எறிகிறார்கள். நாளை மறுநாள் புறப்படப் புது ஐஸ் வேண்டுமாம். இன்ஜின்காரர் குறைந்த எண்ணெயை நிரப்பினார், அதன் சூட்டுக்குச் சுவிட்சைப் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். "நாளைக்கு யாரு அக்கா ஸ்டார்ட் பண்றது?" என்று கேப்டன் கேட்டார். "அந்தப் போர்டை நனையாம எடுத்து வைங்க. மத்தியானம் நான் சாப்பிடப் போறப்போ மாட்டணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.