பேதுருவின் படகும் பாதி டப்பா மெழுகும்

எனக்குத் தெரியாத வேலை என்று உலகத்தில் எதுவும் கிடையாது. நான் இன்னும் வீடியோ பார்க்காத வேலைகள் சில இருக்கின்றன, அவ்வளவுதான். இந்தக் கொள்கை என்னை ஒரே ஒரு தடவைதான் கைவிட்டது. (வீட்டில் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்கள். கேட்காதீர்கள்.)

அப்போது நான் திண்டுக்கல்லிலிருந்து வந்து, கள்ளிக்குப்பத்தில் ஒரு ஃபிளாட்டில் தங்கி, சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சர்ச்சில் ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போவேன். பக்தி ஒரு காரணம். பாடகர் குழுவில் பாடிய ஜெசிந்தா இன்னொரு காரணம். அவளுக்குச் சம்மதம், அவள் அப்பாதான் பாக்கி. ஆரோக்கியசாமி அங்கிள் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், கோயில் திருவிழாக் குழுவின் தலைவர். எதைப் பார்த்தாலும் முதலில் குறையைத்தான் பார்ப்பார். என்னைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

அந்த வருடப் பவனியில், இயேசு புயலை அடக்கும் காட்சியை நடித்துக் காட்டுவதென்று முடிவாயிற்று. அங்கிள்தான் பேதுரு. (வேறு யாரையும் பேதுருவாக நிற்க விட்டிருக்க மாட்டார்.) காசிமேட்டிலிருந்து அவருடைய மச்சான் ஒரு பழைய ஃபைபர் படகை அனுப்பிவைத்தார். வெயிலில் கிடந்து நீலம் வெளுத்திருந்தது. தடவினால் கையில் மாவு ஒட்டியது. பெயிண்டரைக் கூப்பிடலாம் என்றார் அங்கிள். நான் முன்னால் போய் நின்றேன்.

"பெயிண்ட் வேணாம் அங்கிள். மேல் பூச்சுதான் செத்துப் போயிருக்கு. அத லேசா தேய்ச்சு எடுத்துட்டு மெழுகு போட்டா புதுசு மாதிரி ஆயிடும்."

"நீ கம்ப்யூட்டர் வேலதான நைனா பாக்கற?"

"எல்லாம் ஒண்ணுதான் அங்கிள்."

எது எதோடு ஒன்று என்று எனக்கே இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் சொன்ன தோரணை வேலை செய்தது. "சரி, பண்ணு. திருவிழா அன்னிக்கு படகு மின்னணும். அப்பால கண்ணாலத்தப் பத்தி பேசலாம்" என்றார். ஜெசிந்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்கு நெஜமாவே தெரியுமா?" என்று கேட்டாள். நாளைக்குள் தெரிந்துவிடும் என்றேன்.

வேலையை நான் நன்றாகவே செய்தேன். அதில் யாரும் வாய் திறக்க முடியாது. சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, வாடகைக்கு எடுத்த பாலிஷ் மெஷினில் கம்பளி வட்டை மாட்டி, ரப்பிங் காம்பவுண்ட் என்கிற பசையைப் போட்டுத் தேய்த்தேன். மெஷினை ஒரே இடத்தில் வைத்தால் பூச்சு கருகிவிடும், நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு பாலிஷ். கடைசியாக மெழுகைத் தடவி, அது வெளுத்து மங்கியதும் துணியால் துடைத்தெடுத்தேன். அந்த மெழுகு இருக்கும்வரை வெயிலும் தண்ணீரும் படகை ஒன்றும் செய்யாது. நீலத்தில் என் முகம் தெரிந்தது. பூசை முடிந்து வந்தவர்கள் அதில் பார்த்துத் தலை சீவிக்கொண்டார்கள்.

அங்கிள் சுற்றிச் சுற்றி வந்தார். குறை கிடைக்கவில்லை. "பரவால்ல" என்றார். அந்த வார்த்தையை ஜெசிந்தா தன் அப்பா வாயிலிருந்து அதுவரை கேட்டதே இல்லையாம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். டப்பாவில் பாதி மெழுகு மிச்சமிருந்தது, வீணாக்க மனம் வரவில்லை. படகின் உள்தளம் வேறு சொரசொரவென்று பார்க்க அசிங்கமாக இருந்தது. அதையும் தேய்த்து வழவழப்பாக்கி, மிச்ச மெழுகு முழுவதையும் பூசிவிட்டேன். ஜெசிந்தாவிடம் மட்டும் பெருமையாகச் சொன்னேன். (கால் வைக்கிற இடத்தில் மெழுகு போடாதீர்கள் என்று வீடியோவின் கடைசியில் சொல்கிறார்கள். நான் எதையும் கடைசிவரை பார்க்கிற ஆள் இல்லை.)

திருவிழா மாலை, டிராக்டர் டிரெய்லரில் படகு, படகுக்குள் அலங்காரத்துக்கு ஒரு மீன்வலை. வெள்ளை அங்கியும் தாடியுமாகச் சீடர்கள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். இயேசுவாக நடித்த தம்பி உறங்கும் நிலையில் படுத்துக்கொண்டார். அங்கிள் முன்முனையில் நின்று இரண்டு கைகளையும் வானத்தை நோக்கித் தூக்கினார். ஃபாதர் தாராளமாகத் தீர்த்தம் தெளித்தார். மெழுகின்மேல் தண்ணீர் முத்து முத்தாக நின்ற அழகை நான் ரசித்துக்கொண்டிருந்தபோது, டிரைவர் கிளட்சை விட்டார்.

சீடர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பின்னால் போனார்கள். கடைசியாகப் புறப்பட்டு முதலில் போய்ச் சேர்ந்தவர் பேதுரு. எதிரே ஒரு ஷேர் ஆட்டோ வந்து டிரைவர் பிரேக் போட, எல்லாரும் முன்னால் வந்தார்கள். இயேசு மட்டும் கண்ணைத் திறக்காமல் படுத்தபடியே போய்ப் படுத்தபடியே வந்தார். "டேய், நிறுத்துடா" என்று மீன்வலைக்குள்ளிருந்து பேதுருவின் குரல் கேட்டது. பாடகர் குழுவில் ஒரு குரல் பாட்டை நிறுத்தியது. ஜெசிந்தா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி இந்தக் கல்யாணம் நடக்காது என்று தெரிந்துபோயிற்று.

ஆனால் கூட்டம் கை தட்டியது. ஒத்திகையில் பயந்த முகம் காட்டுங்கள் என்று ஃபாதர் கெஞ்சியும் வராத பயம், இப்போது எல்லார் முகத்திலும் அசலாக இருந்தது. வண்டி நின்றதும் அவர் ஓடி வந்து, வலையிலிருந்து வெளியே வந்த அங்கிளின் கையைப் பிடித்துக்கொண்டார். நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை.

"இந்த மாதிரி நடிப்ப நான் பாத்ததே இல்ல. எப்படிங்க?"

அங்கிள் ஃபாதரைப் பார்த்தார். கை தட்டுகிற கூட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தாடி காதருகே தொங்கியது.

"பிராக்டிஸ் பண்ணோம் ஃபாதர்" என்றார்.

பவனி முடிந்ததும் என்னைப் படகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"உள்ள இன்னா தடவின?"

"மெழுகு அங்கிள்."

"யாருக்குனா தெரியுமா?"

"ஜெசிந்தாவுக்கு மட்டும்."

தாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "அப்ப நீ நம்ம ஊட்டு ஆளா ஆயிடறதுதான் நல்லது. வெளிய உட்டா உன் வாய் சும்மா இருக்காது" என்றார்.

இப்படித்தான் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மாமனார் நடிப்புக்காக இன்றும் பாராட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார், நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன். எங்கள் வீட்டுக்கு வந்தால் மட்டும் வாசலிலேயே நின்று, "இன்னிக்கு தரைய யாரும்மா தொடச்சது?" என்று மகளைக் கேட்பார். அவள் துடைத்திருந்தால் உள்ளே வருவார். நான் துடைத்திருந்தால் லிஃப்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போடச் சொல்லி, அங்கேயே காப்பி குடித்துவிட்டுப் போய்விடுவார்.